வெளிச்சுவரே இல்லாத குளியலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்க முடியுமா? காற்றை எங்கே விடுவது?

முடியும். ஆனால் உங்கள் பிளம்பர் சொன்ன வழியில் வேண்டாம்.

பின்னால் படிக்க வருபவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் குளியலறை வீட்டின் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் படுக்கையறை, ஒரு பக்கம் நடைவழி, மூன்றாவது பக்கம் குழாய்கள் இறங்கும் ஷாஃப்ட், நான்காவது பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர். நடைவழிக்கு மேலே பரண் இருக்கிறது. அது நாலரை மீட்டர் ஓடி வெளிச்சுவரில் முட்டுகிறது. அறை 2.4 மீட்டருக்கு 1.5 மீட்டர், உயரம் 2.7. குளித்து அரை மணி நேரம் ஆனாலும் கண்ணாடி தெளிவதில்லை, கூரை மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கிறது. ஃபால்ஸ் சீலிங்குக்குள் விட்டுவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். ஷாஃப்டில் போகும் கழிவுக்குழாயின் வென்ட் பைப்பில் (வாயு வெளியேறும் குழாய்) ‘T’ வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டுச் சேர்த்துவிடலாம் என்கிறார் பிளம்பர். எது சரி என்று கேட்கிறீர்கள்.

இரண்டுமே வேண்டாம். பரண் வழியாக டக்ட், அதாவது காற்றுக்குழாய், ஓட்டி வெளிச்சுவரில் விடுங்கள். நாலரை மீட்டர் பெரிய தூரமே இல்லை, அதற்கேற்ற ஃபேனாக வாங்கினால் போதும். எங்கள் வீட்டுக் குளியலறையும் இதே மாதிரி நடுவில் மாட்டிக்கொண்டதுதான். அங்கேயும் பரண் வழியாகத்தான் கொண்டுபோனோம், இன்றுவரை தொல்லை இல்லை.

முதலில் ஃபால்ஸ் சீலிங். அங்கே விட்டால் ஈரம் வீட்டுக்குள்ளேயேதான் இருக்கும், உங்கள் கண்ணில் படாது, அவ்வளவுதான். 30 டிகிரியில் ஈரம் முழுதாக ஏறிய காற்றில் கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் நீராவி இருக்கும். அதே காற்று 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் 17 கிராமைத்தான் தாங்கும். மீதி 13 கிராம் தண்ணீராக எங்காவது படிந்தே ஆக வேண்டும். சீலிங்குக்கு மேலே காற்றோட்டம் கிடையாது, வெயில் கிடையாது, துடைக்க ஆள் கிடையாது. என் உறவினர் ஒருவர் வீட்டில் இப்படித்தான் ஃபேனைப் பொருத்தியவர் குழாயைச் சீலிங்குக்குள் அப்படியே திறந்துவிட்டுப் போயிருந்தார். கீழே குளியலறை பளிச்சென்று உலர்ந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். கொஞ்ச காலம் கழித்து ஜிப்சம் பலகை வயிறு தள்ளியது. கழற்றிப் பார்த்தால் பலகையின் மேல்பக்கம் முழுக்கக் கறுப்பு, இரும்புச் சட்டத்தில் துரு, வயர் ஜாயின்ட் மேல் நீர்த்துளி. ஓட்டுக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே விடுகிறவர்களும் உண்டு. அங்கே மரச்சட்டங்கள் உளுத்துப்போகும்.

வென்ட் பைப் யோசனை இதைவிட மோசம். பலர் சாதாரணமாகச் செய்துவிடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கழிவறை, வாஷ்பேசின், தரைவடிகால் எல்லாவற்றின் கீழேயும் ஒரு வளைவில் தண்ணீர் தேங்கி நிற்கிறது இல்லையா, அந்தத் தண்ணீர்தான் கழிவுக்குழாயின் வாயுவை வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கிறது. வழக்கமாக 50 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும், அழுத்தக் கணக்கில் கிட்டத்தட்ட 490 பாஸ்கல். ஃபேனுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் மடலோ தன் எடையில் விழுந்து மூடுகிற ஒரு மெல்லிய தகடு. காற்றை ஓரளவு தடுக்கும், வாயுவை அடைக்காது. அதனால் வென்ட் பைப்பில் ஃபேனைச் சேர்த்தால், தண்ணீர்த் தடுப்பு எதுவும் இல்லாத நூறு மில்லிமீட்டர் துளை ஒன்றைக் கழிவுக்குழாய்க்கும் உங்கள் தலைக்கும் நடுவே திறந்து வைத்த மாதிரி ஆகிவிடும். ஃபேன் ஓடும்போது நாற்றம் தெரியாது, நிறுத்தியதும் இறங்கும். வருவது நாற்றம் மட்டுமல்ல, ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் அதில் கலந்திருக்கும். மீத்தேன் தீப்பற்றும் வாயு, பக்கத்திலேயே ஒரு மின் மோட்டார். போதாக்குறைக்கு, மேல் மாடியில் யாராவது ஃப்ளஷ் செய்தால் குழாயில் எழும் காற்று அலை நேரே உங்கள் மடலைத் தூக்கிக்கொண்டு வரும். “எல்லா வீட்டிலும் இப்படித்தான் போடுறோம் சார்” என்று அவர் சொல்லக்கூடும். சொல்லட்டும்.

சரி, பரணுக்கு வருவோம்.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்: கடையில் சுவர் ஃபேன் ஒன்றை வாங்கிவந்து, அதன் பின்னால் நாலரை மீட்டர் குழாயை மாட்டிவிடுகிறார்கள். பெட்டியில் போட்டிருக்கும் காற்றளவு, முன்னாலும் பின்னாலும் எந்தத் தடையும் இல்லாமல் ஃபேன் தள்ளும் அளவு. விசிறி மாதிரி இறக்கை சுற்றும் ஆக்சியல் ஃபேனுக்கு அழுத்தத் திறன் குறைவு. சின்ன குளியலறை ஃபேன்கள் பலவும் 30, 40 பாஸ்கல் தடை வந்தாலே ஏறக்குறைய நின்றுவிடும். மோட்டார் சுற்றும், சத்தம் கேட்கும், காற்று மட்டும் நகராது. சுவரில் ஓட்டை போட்டு நேரே வெளியே விடுவதற்கு அது போதும். குழாய் என்று வந்துவிட்டால், குழாயின் நடுவிலேயே உட்காரும் இன்லைன் ஃபேன்தான் சரி. மிக்ஸ்டு ஃப்ளோ, சென்ட்ரிஃபியூகல் என்று இரண்டு வகை கிடைக்கும், எதுவானாலும் சரிதான். இவை நூறு பாஸ்கலுக்கு மேலும் அசராமல் தள்ளும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அறையின் கன அளவு சுமார் 9.7 கன மீட்டர். குளியலறைக்கு மணிக்கு எட்டிலிருந்து பத்து முறை காற்று மாற வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு, ஆக மணிக்கு 80 முதல் 100 கன மீட்டர். நடுவில் 90 என்று வைத்துக்கொள்வோம், அதாவது விநாடிக்கு 25 லிட்டர். சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) கணக்கில் 53. அமெரிக்கப் பொறியாளர் அமைப்பான ஆஷ்ரேயின் 62.2 காற்றோட்டத் தரநிலை, தேவைப்படும்போது மட்டும் ஓடும் குளியலறை ஃபேனுக்கு 50 சிஎஃப்எம் கேட்கிறது, அதோடும் ஒத்துப்போகிறது. இதை 100 மில்லிமீட்டர் வழவழப்பான குழாயில் தள்ளினால் வேகம் விநாடிக்கு 3.2 மீட்டர். மீட்டருக்கு ஒன்றரை பாஸ்கலுக்குச் சற்றுக் குறைவாக உராய்வு. குழாயில் மட்டும் ஆறேழு பாஸ்கல். அதோடு இரண்டு எல்போ (குழாய் வளைவு; ஒன்றைக் கூடுதலாகவே வைத்துக்கொள்கிறேன்), உள்ளே கிரில், வெளியே மடல் போட்ட மூடி எல்லாம் சேர்ந்தால் முப்பதைத் தாண்டும். மேலே சொன்ன ஆக்சியல் ஃபேன் மூச்சு முட்டி நிற்கும் இடம் இதுதான். இன்லைன் ஃபேனுக்கு இது பொருட்டே இல்லை.

இன்னொரு விஷயம், குழாயின் விட்டம். அதே காற்றளவுக்கு உராய்வு ஏறக்குறைய விட்டத்தின் ஐந்தாம் மடிக்கு எதிராகப் போகிறது. 100 மில்லிமீட்டரை 125 ஆக்கினால் உராய்வு மூன்றில் ஒரு பங்கு. 150 ஆக்கினால் ஏழில் ஒரு பங்குதான். பரணில் இடம் இருந்தால் 125 போடுங்கள், ஃபேனைக் குறைந்த வேகத்தில் ஓட்டலாம், சத்தமும் அடங்கும். இடம் இல்லை, சாமான்கள் நிறைய இருக்கின்றன என்றால் 110 மில்லிமீட்டர் பிவிசி வடிகால் குழாயே போதும். உட்புறம் வழவழப்பு, ஜாயின்ட்டில் கசிவு இல்லை, எந்தக் கடையிலும் கிடைக்கும்.

அலுமினிய மடிப்புக் குழாய் வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஃபேனுக்கு இரண்டு பக்கமும் ஓர் அடி நீளம் போட்டால் அதிர்வு பிவிசி குழாய்க்கும் சுவருக்கும் போகாது. நாலரை மீட்டரையும் அதிலேயே முடிப்பதுதான் தவறு. முழுதாக இழுத்துக் கட்டினாலே அதன் உராய்வு வழவழப்பான குழாயைவிட அதிகம், தொய்ந்து சுருங்கிக் கிடந்தால் பல மடங்கு ஆகிவிடும். தொய்ந்த இடத்தில் தண்ணீரும் தேங்கும்.

வளைவுகள். 90 டிகிரி எல்போ ஒன்று, இரண்டு மூன்று மீட்டர் நேர்க்குழாய் அளவுக்குத் தடை கொடுக்கும். இடம் இருக்கிற பக்கமெல்லாம் இரண்டு 45 டிகிரி பெண்டாக மாற்றுங்கள். ஃபேனின் வாயில் நேரடியாக எல்போவைச் செருகாதீர்கள், குறைந்தது விட்டத்தைப் போல மூன்று மடங்கு நீளம் நேராக ஓடட்டும். உங்களுக்கு நல்ல நேரம், குளியலறைக் கூரையிலிருந்து பரணுக்குத் திரும்ப ஒரு வளைவு, வெளிச்சுவருக்கு முன் ஒன்றும் வேண்டாம்.

குழாய்க்குச் சரிவு கொடுப்பதை வேலை செய்பவர்கள் மறந்துவிடுவார்கள், நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். மீட்டருக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் வெளிச்சுவரை நோக்கி இறங்க வேண்டும். உள்ளே படியும் நீர்த்துளிகள் ஃபேனுக்குள் திரும்பி வராமல் வெளியே சொட்டிவிடும். குளிர் ஊரில்தான் குழாய்க்குள் தண்ணீர் படியும் என்று நினைக்க வேண்டாம். ஏசி ஓடும் அறையின் சீலிங்குக்கு மேலே குழாய் போனாலும் இதே கதைதான், அந்த நீளத்துக்கு மட்டும் இன்சுலேஷன் சுற்றிவிடுங்கள்.

ஃபேனைப் பரணில் எங்கே வைப்பது? முடிந்த வரை வெளிச்சுவர்ப் பக்கம். ஃபேனுக்கு முந்தைய குழாயில் காற்று இழுபடுகிறது, பிந்தைய குழாயில் தள்ளப்படுகிறது. ஜாயின்ட் எங்காவது விட்டுப்போனாலும், இழுபடும் பக்கத்தில் பரண் காற்று குழாய்க்குள் போகுமே தவிர ஈரக்காற்று பரணுக்குள் கசியாது. குளியலறையில் சத்தமும் கேட்காது. ஆனால் ஏணி போட்டுக் கை எட்டுகிற இடமாக இருக்க வேண்டும், என்றைக்காவது கழற்றித் துடைக்க வேண்டியிருக்கும். ரப்பர் வாஷர் போட்டுத் தொங்கவிடுங்கள். பரண் பலகை மேலேயே திருகினால் இரவில் வீடு முழுக்க ரீங்காரம் கேட்கும்.

வெளிச்சுவர் ஓட்டைக்குக் கோர் கட்டிங் மெஷின்காரரை, அதாவது சுவரை வட்டமாக அறுத்தெடுப்பவரை, கூப்பிடுங்கள். சுத்தியலும் உளியும் வேண்டாம், பரணுக்குக் கீழே சுவரே விரிசல் விடும். பரண் உயரத்தில் பெரும்பாலும் லிண்டலோ பீமோ ஓடும் என்பதை முதலில் பாருங்கள். கான்கிரீட் பீமிலும் தூணிலும் துளை போடக்கூடாது, செங்கல் இருக்கும் இடமாகப் பார்த்து எடுங்கள். வெளியே மழைத்தண்ணீர் வராத மூடி, தானே விழும் மடல். கொசுவலை மட்டும் ஒட்டாதீர்கள். துண்டுப் பஞ்சும் தூசியும் ஈரத்தோடு சேர்ந்து அந்தச் சின்னக் கண்களை மெழுகியது போல் அடைத்துவிடும். பறவை நுழையாமல் இருக்க 6 அல்லது 8 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பிவலை போதும். யாருடைய ஜன்னலுக்கும் ஒரு மீட்டருக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், யாரும் கேட்காத கேள்வி: வெளியே போகும் காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்து வரும்? கதவை இறுக்கமாகச் சாத்திவிட்டு ஃபேனைப் போட்டால், சீல் வைத்த சீசாவை ஸ்ட்ராவால் உறிஞ்சுவது போலத்தான். 760 மில்லிமீட்டர் அகலக் கதவுக்கு அடியில் 10 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது நல்ல அளவு. கதவுக்குக் கீழே ரப்பர் பட்டை ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள், அல்லது கதவின் அடியில் கிரில் வையுங்கள். குளியலறைக் கூரையில் வரும் கிரில்லை, அதாவது காற்றை இழுக்கும் வாயை, கதவிலிருந்து முடிந்தவரை தள்ளி, ஷவருக்கு மேலே வையுங்கள். காற்று கதவடியில் நுழைந்து அறை முழுக்கக் கடந்து போகட்டும். ஜன்னல் இருக்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: வென்டிலேட்டரில் ஃபேனைப் பொருத்தி அதன் கீழேயே ஜன்னலைத் திறந்து வைத்தால், ஜன்னல் காற்றுதான் சுற்றி ஃபேனுக்குள் போகும், ஷவர் மூலை அப்படியே நனைந்து கிடக்கும்.

குளியலறைக்குள் எரிவாயு கீசர் இருக்கிறதா? நீங்கள் சொல்லவில்லை. புகைக்குழாய் இல்லாமலோ, அறைக் காற்றையே எடுத்து எரிக்கும் வகையாகவோ இருந்தால், எக்ஸாஸ்ட் ஃபேன் ஆபத்தைக் கூட்டும். ஃபேன் இழுக்கும் இழுப்பில் புகைக்குழாயிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு திரும்பி அறைக்குள் வரலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. “ஃபேன் இருக்கே, காற்றோட்டம் ஆச்சே” என்ற எண்ணம் இங்கே உயிருக்கு உலை. கீசரை முதலில் வெளியே மாற்றுங்கள், பிறகு ஃபேன்.

மின்வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷவர் இருக்கும் இடத்தில் தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரை தண்ணீர் தெறிக்கும் பகுதியாகக் கணக்கிடுவார்கள். அதற்குள் ஃபேன் வந்தால், அந்த இடத்துக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே சொன்ன, நீர் தெறிப்பைத் தாங்கும் வகை வேண்டும்; 12 வோல்ட் வகையும் அறைக்கு வெளியே டிரான்ஸ்ஃபார்மரும் என்றால் இன்னும் பாதுகாப்பு. நீங்கள் ஃபேனைப் பரணில் வைக்கப்போவதால் அந்தத் தலைவலி இல்லை, குளியலறையில் வெறும் கிரில்தான். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) கட்டாயம். பரணிலேயே ஃபேனுக்கு அருகில் மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் தனி ஐசொலேட்டர் ஸ்விட்ச் இருந்தால் துடைக்கும்போது நிம்மதி. ஓவர்ரன் டைமர் உள்ளதாக வாங்குங்கள். விளக்கை அணைத்த பிறகும் 15, 20 நிமிடம் ஓட வேண்டும், ஏனென்றால் குளித்து முடித்த பிறகும் சுவரிலும் தரையிலும் இருக்கும் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஈரப்பதம் பார்த்துத் தானே ஓடும் வகையும் உண்டு. மழைக்காலத்தில் வெளிக்காற்றே ஈரமாக இருந்தால் அது நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும், எனக்கு அதில் அவ்வளவு பிரியமில்லை.

ஷாஃப்டுக்குள்ளேயே (வென்ட் பைப்பில் சேர்க்காமல்) விடலாமா என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். மேலே வானம் தெரிகிற, போதுமான அகலமுள்ள, காற்றுக்கென்றே விட்ட ஷாஃப்ட் என்றால் விடலாம். நல்ல மடல் வேண்டும், எதிர்வீட்டு வென்டிலேட்டருக்கு நேராக வரக்கூடாது. மேலே மூடியிருந்தால், மின்கம்பிகள் இறங்கினால், கூடாது. சில அடுக்குமாடிகளில் மொட்டை மாடியில் பெரிய ஃபேன் வைத்து ஷாஃப்ட் முழுவதையும் இழுப்பார்கள். அங்கே உங்கள் ஃபேனை மாட்டி உள்ளே தள்ளினால் உங்கள் ஈரமும் நாற்றமும் மேல் வீட்டுக்காரரின் கிரில் வழியாக எட்டிப் பார்க்கும். அப்படிப்பட்ட இடத்தில் கிரில் மட்டும்தான், ஃபேன் கிடையாது. தளங்களுக்கு நடுவே தீ பரவாமல் தடுக்கக் கட்டிய சுவரை ஓட்டை போடுவதானால் குடியிருப்போர் சங்கத்திடமும் பொறியாளரிடமும் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

மொட்டை மாடித் தளத்தைத் துளைத்து நேரே மேலே விடுவதும் ஒரு வழிதான். மேல்தளக் கசிவுக்கு நீங்களே வாசல் திறந்துவிடுகிறீர்கள் என்பதால் அதைக் கடைசியில்தான் வைப்பேன். துளையைச் சுற்றித் திண்டு எழுப்பி, தண்ணீர்க் காப்புப் பூச்சு அதன் மேல் ஏறி நிற்க வேண்டும். தளம் போஸ்ட் டென்ஷனிங் முறையில், அதாவது உள்ளே கம்பிகளை இழுத்து இறுக்கிக் கட்டியதா என்பதைப் பார்க்காமல் துளை போடவே கூடாது, உள்ளே இறுக்கி நிற்கும் கம்பி அறுந்தால் தளத்துக்கும் ஆபத்து, துளைப்பவருக்கும் ஆபத்து.

கரி வடிகட்டி போட்ட, குழாயே தேவையில்லாத ஃபேன் என்று விற்கிறார்கள். அது நாற்றத்தைக் கொஞ்சம் குறைக்கும், ஈரத்தை ஒன்றும் செய்யாது. எந்த வழியுமே இல்லாதவர்களுக்கு அதைவிட டிஹியூமிடிஃபையர் (காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுக்கும் கருவி) மேல். அதைக் குளியலறைக்குள் வைக்காமல் வெளியே வைத்து, குளித்த பின் கதவைத் திறந்துவிட்டு ஓட்டுங்கள்.

வேலை முடிந்ததும், ஆள் கிளம்புவதற்கு முன் சோதித்துவிடுங்கள். கிரில்லில் டிஷ்யூ பேப்பர் ஒட்டி நிற்பதைக் காட்டி “பாருங்க, எப்படி இழுக்குது” என்பார்கள். சும்மா பேருக்கு இழுத்தாலே பேப்பர் ஒட்டும், அதை நம்ப வேண்டாம். 60 லிட்டர் குப்பைப் பை ஒன்றின் வாயை அட்டைச் சட்டத்தில் ஒட்டி, காற்றில் வீசி நிரப்பிக்கொள்ளுங்கள். கதவைச் சாத்தி, ஃபேன் ஓடும்போது அதைக் கிரில் மேல் சட்டென்று வைத்து அழுத்தி, பை சப்பையாக எத்தனை விநாடி ஆகிறது என்று கைப்பேசியில் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய விநாடிக்கு 25 லிட்டர் கிடைத்தால் இரண்டரை விநாடிக்குள் உறிஞ்சிவிடும். நான்கு விநாடியைத் தாண்டினால் 15 லிட்டருக்கும் கீழே, எங்கோ குழாய் நசுங்கியிருக்கிறது அல்லது வெளி மடல் திறக்கவில்லை. அதே சோதனையைக் கதவைத் திறந்து வைத்து இன்னொரு முறை செய்யுங்கள். அப்போது மட்டும் வேகமாக உறிஞ்சினால் ஃபேனிலும் குழாயிலும் குறையில்லை, தச்சரைக் கூப்பிட்டுக் கதவின் அடியை இன்னும் கொஞ்சம் இழைக்கச் சொல்லுங்கள்.